மாடித்தோட்டத்துல காசு மிச்சம் ஆகாதுங்க, ஆனாலும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மாடித்தோட்டம் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் சூப்பர், கண்ணுக்கு குளிர்ச்சியா இருந்துச்சு. ஆனா பத்து பதினஞ்சு பை வச்சா போதும், மாசாமாசம் காய்கறி செலவு பாதியா குறைஞ்சிடும்னு அதுல எழுதியிருந்தத படிச்சதுல இருந்து எனக்கு கை சும்மா இருக்கல சார். நான் சண்டை போட இத எழுதல. நம்ம வேலூர் வெயில்ல மூணாவது வருஷமா மொட்டை மாடில செடியோட மல்லுகட்டிகினு இருக்கறவன்ற முறைல ரெண்டு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்குங்க.

ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனில 31 வருஷம் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவன் நான். தோல சதுர அடில அளந்து, இதுல எவ்ளோ கழிவு எவ்ளோ தேறும்னு எழுதியே பழகின கை. அதனால தோட்டம் போட்ட அன்னிக்கே ஒரு நோட்டு வாங்கி அதுக்கும் வரவு செலவு எழுத ஆரம்பிச்சிட்டேன். மொதல் வருஷக் கணக்கு அப்படியே சொல்றேன். பைப் பந்தல் வெல்டிங் கூலியோட 4,200, பச்சை வலை 1,850, குரோ பேக் 30, ஒன்னு 45னு 1,350, தேங்கா நார் கட்டி ஆறு வாங்கினதுல 960, செம்மண்ணும் மண்புழு உரமும் ஆட்டோ வாடகையோட 1,700, விதை நாத்து 420, வேப்பெண்ணெய் புண்ணாக்கு 580, பூவாளி, ஹோஸ் பைப் 400. ஆக மொத்தம் 11,460 ரூபா. வரவு இன்னான்னா, பறிச்ச காய் எல்லாத்தையும் சமையக்கட்டு தராசுல நிறுத்தி, அன்னிக்கு டோல்கேட் உழவர் சந்தைல இன்னா விலையோ அந்த விலைக்கு எழுதினேன், வருஷக் கடைசில கூட்டிப் பாத்தா 3,215. ரெண்டாவது வருஷம் செலவு 1,900தான் ஆச்சு, வரவு 4,100. சரி லாபம்னு துள்ளக் கூடாது, ரெண்டையும் சேத்தா இன்னும் 6,045 ரூபா தோட்டம் எனக்கு பாக்கி. மோட்டர் கரண்டு சேக்கல, என் முதுகுக்கு தடவின தைலம் சேக்கல.

இத நான் ஏன் சொல்றேன்னா, மிச்சம் ஆகும்னு நம்பி ஆரம்பிக்கறவங்கதான் மொதல்ல விட்டுட்டு ஓடறாங்க. கொரோனா டைம்ல எங்க சத்துவாச்சாரி தெருவுல நாலு வீட்ல மாடித்தோட்டம் போட்டாங்க, எல்லாருக்கும் அப்போ டைம் இருந்துச்சு. இப்போ போய் பாருங்க, ஒரு வீட்ல கூட செடி இல்ல, ஒரு வீட்ல அந்த பைல பழைய செருப்பு போட்டு வச்சிருக்காங்க. கேட்டா எல்லாரும் சொல்றது ஒரே பதில், கடைல வாங்கினா இதைவிட சீப்பா இருக்குங்க. உண்மைதான, சீப்புதான். நேதாஜி மார்க்கெட்ல பத்து ரூபாக்கு கிடைக்கற கீரைக்கு நாம 25 நாள் காவல் இருக்கோம்.

அப்புறம் வெயில். உங்க பக்கத்துல வருஷம் முழுக்க தக்காளின்னு ஒரு வரி இருந்துச்சு. அத எழுதினவங்க ஏப்ரல் மே மாசத்துல நம்ம ஊர்ல ஒரு மத்தியானம் மொட்டை மாடில செருப்பு இல்லாம நின்னு பாக்கணும் சார். நாப்பது நாப்பத்தோரு டிகிரி நமக்கு சர்வ சாதாரணம், தக்காளி பூ எடுத்த வேகத்துல கொட்டிடும், காயே புடிக்காது, செடிய திட்டி புண்ணியம் இல்ல, அதோட ஜாதகம் அப்படி. மொதல் வருஷம் நான் இது தெரியாம தண்ணி மேல தண்ணி ஊத்தி வேரை அழுக வச்சேன். இப்போ கத்திரி வெயில்ல நான் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை இந்த மூணோட நிறுத்திக்கறேன், பாக்கி பையெல்லாம் காஞ்ச இலை போட்டு மூடி ரெஸ்ட். தண்ணி விடியகாலை அஞ்சு மணிக்கு ஒரு தடவை, பொழுது சாஞ்சப்பறம் ஒரு தடவை. அந்த அஞ்சு மணிக்கும் தளம் பாதத்துல வெதுவெதுன்னுதான் இருக்கும், முந்தின நாள் வெயில் இன்னும் இறங்கியிருக்காது. அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி எல்லாம் ஒரு பக்கெட்ல சேத்து மேல தூக்கிகினு போவேன். மாவுப்பூச்சி வந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் சோப்புத்தண்ணி, நல்லா கலக்கி சாயங்காலமா அடிக்கணும், உச்சி வெயில்ல அடிச்சா இலை பொசுங்கிடும். மலை பக்கத்துல இருந்து எப்பவாவது குரங்கு வரும், அதுக்கு மருந்தே இல்ல.

சரி, இவ்ளோ நஷ்டம், இவ்ளோ பாடு, அப்புறம் ஏன்யா போடறேன்னு கேப்பீங்க.

எங்க நைனாவுக்கு பாலாத்தங்கரை ஓரமா ஒன்றரை ஏக்கர் கொல்லை இருந்துச்சு. மல்லாட்டை போடுவாரு, கேவுரு போடுவாரு, வரப்புல அவரையும் தொவரையும் நிக்கும், கெணத்து மேட்டுல எங்க ஆயா கனகாம்பரம் வச்சிருந்துச்சு. அப்புறம் கெணத்துத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா உப்பு கரிக்க ஆரம்பிச்சது. நம்ம பக்கத்து தோல் கம்பெனி கழிவு ஆத்துலயும் கெணத்துலயும் கலந்த விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1996ல தீர்ப்பு வந்தது எல்லாருக்கும் தெரியும், ஆனா எங்க கெணறு அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே போயிடுச்சு, நைனா கொல்லைய வித்துட்டாரு. வித்த மறு வருஷம் நான் வேலைக்கு சேந்தது எதுலன்னா அதே தோல் தொழில்லதான். அதுலதான் சோறு துன்னேன், வீடு கட்டினேன், பொண்ணுக்கு கல்யாணம் பண்ணேன், அத மறைச்சு பேச எனக்கு இஷ்டமில்ல. நைனா அத பத்தி சாகற வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. ஆனா சாயங்காலம் நான் வேலைல இருந்து வந்து பக்கத்துல உக்காந்தா, சட்டைல அடிக்கற அந்த வாடைக்கு மெல்ல எழுந்து திண்ணைக்கு போயிடுவாரு.

2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டுகினு ஓடுச்சே, ஊரே பாலத்து மேல நின்னு போட்டோ புடிச்சுகினு இருந்தப்போ நானும் போனேன். தண்ணி வடிஞ்சப்பறம் ஒரு நாள் அந்த பழைய கொல்லை பக்கம் போயி பாத்தேன், இப்போ அங்க பிளாட் போட்டு கல்லு நட்டிருக்காங்க, கல்லுக்கு நடுவுல வெள்ளம் ஒதுக்கின வண்டல் பொறை பொறையா வெடிச்சு கிடந்துச்சு. ஒரு சிமெண்ட் பை நிறைய அள்ளி வண்டில வச்சுகினு வந்துட்டேன். வீட்ல கேட்டாங்க, எதுக்கு இதுன்னு. பதில் சொல்ல தெரியல. மாடில நான் கொண்டாந்து வச்ச மொதல் மண்ணு அதுதான்.

இப்போ கத்திரிக்கா கதை. என் மாமியாருக்கு ஊரு நம்ம வேலூர் கிட்ட அணைக்கட்டு பக்கம், இலவம்பாடிக்கு ரொம்ப தூரமில்ல. அந்த இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, ஆனா எங்க மாமியாருக்கு குறியீடும் தெரியாது ஒன்னும் தெரியாது, ஒரு நாள் பொண்ண பாக்க வந்தவங்க மாடிய சுத்தி பாத்துட்டு, "இன்னா மாப்ள, இந்த பாக்கெட்டு விதைய எல்லாம் போட்டுகினு கீறீங்க"ன்னு சொல்லிட்டு முந்தானை முடிச்ச அவுத்து ஒரு சின்ன காகிதப் பொட்டலத்த குடுத்தாங்க. சாம்பல்ல பொரட்டி வச்ச விதை.

அந்த செடிய பத்தி சொல்லணும். தண்டுல முள்ளு, இலை நரம்புல முள்ளு, காய் மேல தொப்பி மாதிரி இருக்கற காம்புலயும் முள்ளு. பழகாத கைக்கு ரெண்டு சொட்டு ரத்தம் காணிக்கை கண்டிப்பா உண்டு. ஆனா பிஞ்சா பறிச்சு நாலா கீறி நல்லெண்ணெய்ல வதக்கி பாருங்க, வெண்ணெய் மாதிரி குழையும், விதை இருக்கறதே நாக்குக்கு தெரியாது. எங்க பக்கத்து வீட்டு பாய் வீட்ல பிரியாணி செஞ்சா காலைலயே சின்ன பொண்ண அனுப்பி நாலு கத்திரிக்கா வாங்கிட்டு வர சொல்லுவாங்க, கடைக்காய்ல அந்த தொக்கு சரியா வரலையாம். சாயங்காலம் காய் போன தூக்குல இன்னா திரும்பி வரும்னு நான் சொல்ல வேணாம்.

கத்திரிக்கு பெரிய எதிரி தண்டுத் துளைப்பான். ராத்திரி நல்லா இருந்த குருத்து காலைல தலைய தொங்க போட்டுகினு நிக்கும். புதுசா வளக்கறவங்க தண்ணி பத்தலைன்னு நெனச்சு தண்ணி ஊத்துவாங்க, நானும் அப்படித்தான் ஊத்தினேன். வாடின இடத்துக்கு ரெண்டு விரக்கடை கீழ கிள்ளி, அந்த தண்ட நகத்தால பொளந்து பாத்தா உள்ள ஒரு புழு, இளம் ரோஸ் கலர்ல, ஏதோ வாடகை வீட்ல இருக்கற மாதிரி சுகமா படுத்திருக்கும். அத வெளிய எடுத்து நசுக்கணும், கிள்ளின குருத்த செடிகிட்டயே போடக் கூடாது. தினமும் காலைல முப்பது பைக்கும் முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு பாப்பேன். ஒரு புழுவ கையும் களவுமா புடிக்கற அன்னிக்கு கிடைக்கற திருப்தி இருக்கே, ஆடிட் முடிஞ்சு பைசா இடிக்காம கணக்கு டேலி ஆன நாள்ல கூட அது எனக்கு வந்ததில்ல.

அடுத்து சொரக்கா. பழைய டிரம் ஒன்ன பாதியா அறுத்து அதுல ஒரே ஒரு கொடி விட்டேன், பந்தல் முழுக்க ஏறிடுச்சு, பூவா பூக்குது. ஆனா விரல் நீளத்துக்கு பிஞ்சு வரும், நாலு நாள்ல மஞ்சளாகி வெம்பி விழும். மூணு வாரம் இதே கதை. உரம் பத்தலைன்னு புண்ணாக்கு கரைச்சு ஊத்தினேன், வீட்டம்மா கண்ணு பட்டுடுச்சுன்னு பந்தல் கால்ல ஒரு கிழிஞ்ச செருப்பு கட்டி தொங்கவிட்டாங்க. அப்புறம் விரிஞ்சிபுரத்துல வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வேற விஷயமா போனப்போ அங்க ஒருத்தர்கிட்ட பேச்சுவாக்குல சொன்னேன், அவரு சிரிச்சுட்டு, சொரப்பூ பொழுது சாயும்போதுதான் விரியும், அந்துப்பூச்சி வந்து மகரந்தம் சேக்கணும், டவுன்ல மூணாவது மாடிக்கு அது எங்க வரும், நீங்களே கையால சேத்து விடுங்கன்னாரு.

அன்னிக்கு சாயங்காலம் ஆறரை மணிக்கு டார்ச் எடுத்துகினு மேல போனேன். அதுவரைக்கும் காலைலயும் மத்தியானமும் சுருங்கின பூவத்தான் பாத்திருக்கேன், இப்போதான் மொதல் தடவையா விரிஞ்சு பாக்கறேன் சார், வெள்ளை வெளேர்னு, இஸ்திரி போடாத மல்லு துணி மாதிரி லேசா சுருக்கம் சுருக்கமா, இருட்டுல பந்தல் முழுக்க அங்கங்க யாரோ விளக்கு வச்ச மாதிரி. நீளமான காம்புல வெறும் பூவா நிக்கறது ஆண், பூவுக்கு கீழ சுண்டு விரல் அளவு குட்டி சொரக்கா வச்சிருக்கறது பொண்ணு. ஆண் பூவ பறிச்சு இதழ உரிச்சுட்டு, நடுவுல இருக்கற மஞ்சப் பொடிய பொண்ணு பூவோட நடுவுல மெதுவா தொட்டு விடணும், அவ்ளோதான். ஒரு கைல டார்ச், வாய்ல ஆண் பூ, இன்னொரு கைல கொடியன்னு நான் ஸ்டூல் மேல ஏறி நிக்கறப்போ அடுத்த மாடில போன் பேசிகினு இருந்த பையன், அங்கிள் இன்னா தேடறீங்க, ஏதாவது விழுந்துடுச்சான்னு கேட்டான். விஷயத்த சொன்னதும் கைப்பிடி சுவத்த தாண்டி வந்துட்டான், போன் லைட் அடிச்சான். அன்னிக்கு ஏழு பூவுக்கு செஞ்சோம், அதுல அஞ்சு புடிச்சுது. ரெண்டு நாள்ல பிஞ்சு காம்பு தடிச்சு தலை கீழ தொங்க ஆரம்பிச்சா புடிச்சிடுச்சுன்னு அர்த்தம். இப்போ நான் ஊர்ல இல்லாத நாள்ல அந்த பையன்தான் ராத்திரி டூட்டி.

மொதல் சொரக்கா ஒன்னேகால் கிலோ. நோட்ட எடுத்து தேதி போட்டு வரவு முப்பது ரூபான்னு எழுதினேன். எழுதும்போதே எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. மூணு வாரம் முழிச்சிருந்தது, அந்த ஆறரை மணி வெள்ளைப் பூ, பக்கத்து வீட்டு பையன் சுவரேறி வந்தது எல்லாத்துக்கும் சேத்து முப்பது ரூபா. அதோட வரவு பக்கம் எழுதறத நிறுத்திட்டேன், செலவு மட்டும் எழுதறேன், அதுவும் வீட்டம்மா கேப்பாங்கன்றதுக்காக.

பூவ பத்தி சொல்லலைன்னா இன்னிக்கு எனக்கு சோறு கிடையாது. செம்பருத்தி, நந்தியாவட்டை, சாமந்தி, குளிர் காலத்துல டிசம்பர் பூ எல்லாம் இருக்கு, ஆனா ராணி குண்டுமல்லிதான். அந்த வண்டல் மண்ணுலதான் அத வச்சோம். மொத வருஷம் நெறைய இலை, கொஞ்சம் பூ. கவாத்து பண்ணணும்னு படிச்சுட்டு நவம்பர் கடைசில, கார்த்திகைல, முழங்காலுக்கு கொஞ்சம் மேல விட்டுட்டு எல்லா கெளையும் வெட்டி, இருந்த இலையும் உருவி விட்டேன். வீட்டம்மா கோயிலுக்கு போயிட்டு வந்து பாத்தாங்க. பச்சைப் புள்ளைக்கு மொட்டை அடிச்ச மாதிரி பண்ணிட்டியேன்னு ஆரம்பிச்சவங்க அதுக்கப்பறம் ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்ல, காபி டம்ளர் டொக்குனு வைக்கற சத்தம் மட்டும்தான். மார்ச் வந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல போனவங்க ரொம்ப நேரம் கீழ வரல. போயி பாத்தா மடி நிறைய மொட்டு, முத்து முத்தா, உக்காந்து வாழைநார்ல கட்டிகினு இருக்காங்க. ஏழு மணிக்கு எல்லாம் வெடிச்சு வீடு பூரா வாசனை. சாமி படத்துக்கு ஒரு முழம், அவங்களுக்கு ஒரு முழம், மீதிய தெருவுல நாலு வீட்டுக்கு குடுத்து விட்டாங்க. என்கிட்ட சாரி எல்லாம் சொல்லல, அதெல்லாம் எங்க வீட்ல வழக்கமில்ல. இந்த வருஷம் கார்த்திகை பொறந்ததும் கத்தரிக்கோல அவங்களே எடுத்து என் நாற்காலில வச்சாங்க.

அதனால சார், அடுத்த தடவை இந்த மாதிரி பக்கம் போடும்போது மிச்சக் கணக்க எடுத்துடுங்க. அதுக்கு பதிலா நம்ம வடாற்காடு வெயிலுக்கு எந்த மாசத்துல இன்னா போடலாம், எத போடவே கூடாதுன்னு மாசவாரியா ஒரு அட்டவணை போடுங்க. ஆடிப்பட்டத்துல போடறது வேற, தைப்பட்டத்துல போடறது வேற, ஊட்டி கொடைக்கானல் படத்த காட்டி எங்க ஜனங்கள ஏமாத்தாதீங்க. தோத்தவங்களையும் எழுத சொல்லுங்க, எது எதனால செத்துச்சுன்னு தெரிஞ்சா அடுத்தவங்களுக்கு ஒரு பை மிச்சம்.

இன்னொரு விஷயம். முள்ளு கத்திரில ஒரு காய பறிக்காம செடிலயே பழுக்க விட்டு, மஞ்சளானப்பறம் அறுத்து விதை எடுத்து அலசி, நெழல்ல காய வச்சு, மாமியார் செஞ்ச மாதிரியே சாம்பல்ல பொரட்டி வச்சிருக்கேன். ஒரு இருபது பேருக்கு தேறும். உங்களுக்கு சம்மதம்னா, வேணுங்கறவங்க ஸ்டாம்ப் ஒட்டி அவங்க அட்ரஸ் எழுதின கவர உங்க ஆபீஸுக்கே அனுப்பட்டும், நான் மாசக் கடைசில வந்து வாங்கிட்டு போயி விதை போட்டு அனுப்பறேன். ஒரு கவருக்கு 20 விதைதான், ஒரு பாக்கெட்டு குடுங்கன்னு யாரும் கோச்சுக்கக் கூடாது. மல்லி பதியன் மட்டும் தயவுசெஞ்சு என்கிட்ட கேக்காதீங்க, அது வீட்டம்மா டிபார்ட்மெண்ட், அங்க எனக்கே அனுமதி வாங்கித்தான் தண்ணி ஊத்தணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.